நான் எழுதிக் கொடுத்த சாட்சி

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பஸ் கும்மிடிப்பூண்டியைத் தாண்டுவதற்குள் பையிலிருந்து தைல டப்பியை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஜன்னல கொஞ்சம் தொறம்மா" என்றேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? சளி பிடித்தவள் மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டே கம்பெனி இருக்கும் தேர்வாய் கண்டிகை வரை வந்தேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் என் பையை வைத்து உன் சீட்டைப் பிடித்து வைத்திருந்தேன். இப்போது பஸ்ஸில் ஆள் கூடிவிட்டது, எனக்கும் யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. அசதியாக இருக்கிறது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தீராத அசதி. உன்னிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் குறையுமோ என்றுதான் எழுதுகிறேன்.

நாலு வருடம் நமக்கு ஒரே லைன். காருக்குப் போகும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி டேப் சுற்றுவது நான், அதைச் சரிபார்த்து அனுப்புவது நீ. உன் மேஜைக்கு மேல் மட்டும் நாலு டியூப் லைட். ஒருநாள் டீ நேரத்தில் நீயாகவே சொன்னாய்.

"எனுக்கு இன்னாவோ ஆவுதுமே. கண்ணு தொறந்தா வெயில் நல்லா அடிக்குது, எனுக்கு மட்டும் இருட்டா கீது. எழுந்து குளிக்கணும்னா கூட அழுவ வருது."

"கண் டாக்டர பாத்தியா?" என்று கேட்ட புத்திசாலி நான்.

நீ சிரித்துவிட்டாய். "இத்தினி லைட்டுக்கு அடியில குந்திக்கினு இருட்டுன்னு சொன்னா எவ நம்புவா, சொல்லு."

என்னிடம் சொல்வதற்கு முன்னாலேயே நீ திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்திருந்தாய். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை மனசுக்குப் பார்க்கிற டாக்டர் உட்காருகிறார் என்றாய். அவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுப் பையில் கைக்குட்டைக்குள் சுற்றி வைத்திருந்தாய். அதை என்னிடம் மட்டும்தான் காட்டினாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். உன்னை நம் சபைக்கு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதுவரை நீ கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருகிறவள். அன்றைக்குப் பாஸ்டர் ஐயா வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசினார். வெளிச்சம் உள்ளே வந்த வீட்டில் இருட்டுக்கு இடமில்லை, அது வாசல் வழியே ஓடிவிடும் என்றார். நீ முழங்கால் போட்டு அழுதாய். மறுநாள் கேன்டீனில் ரெண்டு தட்டு நாஷ்டா சாப்பிட்டாய், லைனில் பாட்டு முணுமுணுத்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவளைக் கொண்டுவந்து சேர்த்தது நான் என்று எனக்குள் ஒரு கெத்து வந்துவிட்டது. அந்தக் கெத்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நம் சபையில் சாட்சி சொல்வது எப்படி என்று உனக்குத் தெரியும். எழுந்து நிற்கிறவர் முடிந்துபோனதைத்தான் சொல்லவேண்டும். வியாதி இருந்தது, போய்விட்டது. குடி இருந்தது, விட்டுவிட்டார். 'இன்னும் போகவில்லை' என்று ஒருவரும் எழுந்து நின்றதில்லை. போகாததைச் சீட்டில் எழுதி, வாசலில் இருக்கும் ஜெப விண்ணப்பப் பெட்டியில் மடித்துப் போட்டுவிடவேண்டும். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, நாமாகவே அப்படிப் பழகிவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் உன்னைச் சாட்சி சொல்லச் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்மே" என்று நீ கெஞ்சினாய். நான் விடவில்லை. நானே நோட்டுத்தாளில் எழுதி, பஸ்ஸில் உன்னைப் படிக்கவைத்துத் தயார் பண்ணினேன். 'இருளில் கிடந்தேன், இன்று ஒரு துளி இருளும் என்னிடம் இல்லை' என்பது என் வாக்கியம். நீ அதை வாசித்தபோது சபையே அல்லேலூயா என்றது. என் பக்கம் திரும்பிப் பார்த்த ஆட்களை நான் எண்ணாத குறைதான். திரும்பி வருகிற வழியில் உன் கைக்குட்டை முடிச்சைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"வெளிச்சம் வந்தப்பறம் மாத்திர இன்னாத்துக்கு? அது அவிசுவாசம்மே."

நீ சரியென்று தலையை மட்டும் ஆட்டினாய்.

அதற்குப் பிறகுதான் தைலம் வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நெற்றியில் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாய். "தல நோவுது" என்பாய். ஒன்றரை வருடம் என் தோளில் உன் தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டு, ஒரு மனுஷிக்கு அத்தனை நாளும் தலைவலி இருக்குமா என்று நான் ஒருதரம்கூட யோசிக்கவில்லை. யோசித்தால் என் சாட்சி பொய்யாகிவிடுமே.

மஞ்சள் காமாலை முற்றி உன்னை வார்டில் சேர்த்திருந்தபோதுதான் வாயைத் திறந்தாய். உன் வீட்டுக்காரர் இளநீர் வாங்கக் கீழே போயிருந்தார்.

"அன்னிக்கு சபையில சொன்னது நிக்கலமே. ரெண்டே மாசத்துல திரும்ப வந்துடுச்சு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்டி சொல்றது? எல்லார் முன்னாடியும் போயிடுச்சுன்னு சொல்லியாச்சு. உனுக்கு அசிங்கமாப் பூடுமேன்னு கம்முனு இருந்தேன்."

நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ என்னைத் தேற்றினாய். சாகக் கிடந்தவள் தேற்றினாய்!

"அழுவாதமே. ஒன்னு சொல்றேன் கேளு. இருட்டு போவல. ஆனா கர்த்தரும் போவல. வெளிச்சம்னா பளிச்சுனு வரும்னு நெனச்சேன், அப்டி வரல. தெனம் எந்திரிச்சேன், சோறாக்குனேன், பஸ் ஏறுனேன். அந்த இருட்டுல யாரோ எம்பக்கத்துல குந்திக்கினு இருந்தாமாரிதான் இருந்துச்சு. அந்த வெளிச்சம் அணைய மட்டும் இல்லமே."

நாலாம் நாள் நீ போய்விட்டாய். மாத்திரையை நிறுத்தியதால் நீ சாகவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒன்றரை வருடம் நீ தனியாகச் சுமந்தாயே, அதற்குக் காரணம் நான்தான். யார் வந்து இல்லை என்று சொன்னாலும் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டிய ஆள், எதிரில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த ஏழு மாதத்தில் நீ சொன்ன இருட்டு எனக்கும் வந்திருக்கிறது. வெயில் அடிக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் பாஸ்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "எஸ்தரு, கூட்டாளிய பறிகொடுத்த. கர்த்தர் உன்ன எப்டி தேத்துனாருன்னு சொல்லும்மா."

எழுந்து நின்றேன்.  "தேத்தலம்மா, இன்னும் இருட்டாத்தான் கீது" என்றேன். அதோடு உட்கார்ந்திருப்பேன், ஆனால் வாய் நிற்கவில்லை. அவள் அன்றைக்கு வாசித்தது நான் எழுதிக் கொடுத்தது, பெரியாஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் கொடுத்த மாத்திரையை விடச் சொன்னதும் நான்தான், அவள் இருட்டிலேயேதான் இருந்தாள், அந்த இருட்டிலேயே அவர் தன்னோடு இருந்தார் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள் என்றேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை.  ஐயா எதையோ சொல்ல வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சுகந்தி பக்கத்தில் வந்து நின்றாள். முன்வரிசையில் கஞ்சிரா தட்டிப் பாடுவாளே, எப்போதும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாளே, அவள்தான்.

"அக்கா, அந்த டாக்டரு எந்தக் கெழம உக்காருவாரு?"

"செவ்வா. யாருக்கும்மா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எனுக்குத்தாங்க்கா. ரெண்டு வருசமா. பொட்டியில சீட்டு போட்டுக்கினே கீறேன்."

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ தனியாகப் போய் வந்த அந்த வரிசையில் ஒருநாள்கூட நான் வந்து உன்னோடு நின்றதில்லை. நாளை அவளோடு நிற்பேன். ஆஸ்பத்திரிச் சீட்டு ரெண்டு வாங்கவேண்டும். ஒன்று அவள் பேருக்கு, இன்னொன்று என் பேருக்கு.