முயல் மாதிரி ஓடும் குட்டி

ஞாயிறு. ஜார்ஜ் டவுன்.

நாய் வளர்த்து விற்பவர்களுக்கான வகுப்பில் கால்நடை டாக்டர் ஒரு வீடியோ காட்டினார். அல்சேஷன் குட்டி ஒன்று பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவி ஓடியது.

"அழகுன்னு நினைக்காதீங்க. இடுப்பு மூட்டு கோளாறா இருக்கலாம். மாடிப்படி ஏத்தவே கூடாது. தாய்க்கு எக்ஸ்ரே எடுக்காம ஜோடி சேர்க்காதீங்க."

என் பெண் நாய் ராணிக்கு நான் எக்ஸ்ரே எடுத்ததே இல்லை. அவள் குட்டிகளில் ஒன்று அப்படித்தான் ஓடியது. "முயல் மாதிரி ஓடும் லா" என்று பெருமையடித்து விற்றவன் நான். மடையன்.

அதை வாங்கிய, பாகான் டாலாமில் இருக்கும் அக்காவுக்கு சாயங்காலமே போன் செய்தேன். குட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"அச்சு அசல் முயல்தான் லா தம்பி! பிள்ளைங்களோட நாள் முழுக்க மாடி ஏறி இறங்குது," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். எத்தனை படி என்றுகூடக் கேட்கவில்லை.