சட்டைகளுக்குப் பின்னால் நாலு இரும்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முழங்காலைத் தவிர. அது மழைக்கு முன்னாலும் வலிக்கிறது, பின்னாலும் வலிக்கிறது.

உன் கடிதம் வந்தது. எப்போதும் கையால் எழுதுகிறவன் இந்த முறை கணினியில் அடித்து அனுப்பியிருந்தாய். பெரிய மனிதனாகிவிட்டாய் என்று உன் அத்தான் சொன்னார். கீழே போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்து, "ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டு போட்டானா?" என்று கேட்டார். முதுகுவலி என்பதால் கடிகாரம் பழுதுபார்க்கும் மேசையை விட்டு, கடை முன்பக்கம் விற்பனைக்கு மாறிவிட்டதாக எழுதியிருந்தாய். முதுகுவலிக்காரன் உட்கார்ந்து செய்கிற வேலையை விட்டு நின்று செய்கிற வேலைக்கு ஏன் போகிறான் என்று எனக்குப் புரியவில்லை. நானும் மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள்தான். போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் அறைக்கு வெள்ளையடிப்பதற்காக அவர் அலமாரியைக் காலி செய்தோம். சட்டைகளுக்குப் பின்னால் ஒரு துணிப்பை. அதற்குள் நாலு இரும்புச் சாமான். நாலும் அப்பா தன் கையால் அடித்தவை. இரும்புக் கேட்டு, ஜன்னல் கிராதி என்று பட்டறையில் எது செய்தாலும் நுனியை ஒரு மாதிரி சுருட்டி முடிப்பாரே, அதே சுருட்டல். ஆனால் எதற்கான சாமான்கள் என்றுதான் தெரியவில்லை.

ஒன்று, ஒரு சாண் நீளக் கம்பி. ஒரு முனையில் உள்ளங்கை நுழைகிற வளையம், மறு முனையில் மெல்லிய கம்பியை நீர்த்துளி போல வளைத்த கண்ணி. இன்னொன்று சின்னத் தகடு, நடுவில் ஒரு பிளவு, முதுகில் குறுக்காகத் தடித்த பிடி. மூன்றாவது, தோல் சுற்றிய ஒரு சுருள். கடைசியாக இரண்டு பல் உள்ள கவை ஒன்று, பிடி மட்டும் ஒரு முழம். எதற்கும் வெட்டும் முனை கிடையாது. எதன் தலையிலும் அடிவாங்கிய தழும்பு கிடையாது. விளிம்பையெல்லாம் அரத்தால் ராவி ராவி வழவழவென்று ஆக்கியிருக்கிறார். வேலைக்குப் போகிற இரும்பு இவ்வளவு சொகுசாக இருக்காது.

உன் அத்தானுக்குக் கேட்க வேண்டுமா? படம் எடுத்து, பழைய கருவிகள் சேர்க்கிறவர்களின் குழுவில் போட்டுவிட்டார். சேணம் தைப்பது என்றான் ஒருவன். மாட்டு வைத்தியனுடையது என்றான் இன்னொருவன். நம் வாசல் சாவி அந்தத் தகட்டின் பிளவில் கச்சிதமாக உட்காருகிறது என்று இவர் கண்டுபிடித்துச் சொல்லப்போக, "உங்க மாமனார் ராத்திரியில என்ன தொழில் பண்ணார்?" என்று கேட்டிருக்கிறான் மூன்றாவது ஆள். அன்றிலிருந்து இவர் அப்பா படத்தைப் பார்க்கும் பார்வையே வேறு.

அம்மாவிடம் கேட்டேன். "பழைய இரும்பு. கடையில போட்டுத் தொலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வளைந்த ஆணியைக்கூடத் தூக்கிப்போட விடாதவள்.

பள்ளிக்கூட நாளில் பட்டறையே கதியென்று கிடந்தவன் நீதான். பார்த்த ஞாபகம் உண்டா? அப்பா பேச்சை எடுத்தால் நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரியும். நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அவர் உன் பெட்டியைத் தொடவில்லை, கை கொடுக்கவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவரை விட்டுவிட்டு இரும்பைப் பற்றி மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா

* * *

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. பரவாயில்லை. அந்த இரும்புகள் என்னவென்று தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் பூதக்கண்ணாடியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கூடத்தில் செய்தித்தாளை விரித்து நாலையும் வரிசையாக வைத்து, கண்ணி வைத்த கம்பி வலை பின்னுகிறவர்களுடையது என்று அடித்துச் சொன்னார். உன் அத்தான் மாட்டு வைத்தியரை விடுவதாக இல்லை. அம்மா அப்பாவின் சட்டைகளை யாருக்காவது கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து அந்தக் கம்பியை எடுத்தாள்.

ஒரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். வளையத்துக்குள் கையை விட்டாள். கண்ணியைப் பொத்தான் துளை வழியாக நுழைத்து, பொத்தானை மாட்டி, ஒரு இழு. பொத்தான் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. கழுத்திலிருந்து கீழ்வரை, ஒரு விரலும் பொத்தானில் படவில்லை. அந்தப் பெரியவர் திறந்த வாய் மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு முதல்ல பொத்தான்தான் போச்சு" என்றாள் அம்மா. "அப்புறம் சாவி. அப்புறம் கரண்டி. கடைசியில குழாயைக்கூடத் திருக முடியலை."

தகட்டில் சாவியைச் செருகி, பிடியை முஷ்டியால் திருப்புவாராம். சுருளுக்குள் கரண்டி. கவை, குளியலறைக் குழாய்க்கு. விரல் நுனிகள்தான் முதலில் சொன்னபடி கேட்காமல் போயிருக்கின்றன. முஷ்டியில் பலம் இருந்தது. "சுத்தியலை முஷ்டியா பிடிச்சிரலாம். பொத்தானை அப்படிப் பிடிக்க முடியுமா?" என்றாள். பலம் இருக்கும்போதே, பட்டறை ஆட்கள் போன பிறகு, தனக்கு வேண்டியதைத் தானே அடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். கை போய்விட்டது என்று தெரிந்தால் எவன் கேட்டும் கிராதியும் செய்யக் கொடுப்பான் என்று, அம்மாவை நம்மிடம்கூடச் சொல்ல விடவில்லை. நாம் இரண்டு பேரும், அவர் வெள்ளைக்காரன் மாதிரி கரண்டியால் சாப்பிடுகிறார் என்று, முதுகுக்குப் பின்னால் துரை, துரை என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரிடம் போகவே இல்லையா என்று கேட்டேன். "போனா ஒரு பேரு வச்சுருவாங்க, பேரு வச்சா ஊருக்கே தெரிஞ்சிரும்னார்" என்றாள். பிறகு அவளாகவே, உன்னை வழியனுப்பிய நாளைச் சொன்னாள். "பெட்டியைத் தூக்கினா நழுவிரும், புள்ள பார்த்துட்டா கிளம்பமாட்டான்னுதான் கையைக் கட்டிக்கிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல." எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்நிய மனிதர் இருக்கிறார் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் பூதக்கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். உன் அத்தான் குழுவில் போட்ட படங்களை எடுத்துவிட்டார். என்ன என்று கேட்டவர்களுக்கு, வீட்டுச் சாமான் என்று மட்டும் எழுதினார்.

மாடி வாடகைக்காரர் காலி செய்கிறார். வெள்ளையடிப்பு முடிந்தது. அப்பா அறை பளிச்சென்று இருக்கிறது, யாரோ வீட்டு அறை மாதிரி.

இன்னொன்று. நேற்று அம்மா என் போனை வாங்கி, நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "தம்பி இப்பல்லாம் ஏன் பொத்தான் வச்ச சட்டையே போடறதில்ல?" என்று கேட்டாள். அதெல்லாம் இப்போது ஃபேஷன் என்றேன். அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு இப்போது உனக்கு இருக்கும் வயதில்தான் ஆரம்பித்தது என்றாள்.

நான் உன்னை ஒரு கேள்வியும் கேட்கப்போவதில்லை. முதுகுவலி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல நரம்பு டாக்டரிடம் போய், அப்பாவுக்கு இப்படி இருந்தது என்று சொல்லி, கையைக் காட்டு. அவர்கள் ஒரு பேர் வைப்பார்கள், வைக்கட்டும். அதற்கு மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மருந்துக்கடையில் நிற்கிறவள் நான், இல்லாததை இருக்கிறது என்று உன்னிடம் சொல்லமாட்டேன். ஆனால் சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற வேலையை இந்த வீட்டில் ஒரு ஆள் செய்தது போதும்டா. அந்தக் கம்பியை உனக்கு அனுப்பலாமா என்று அம்மா கேட்டாள். அவன் கேட்கட்டும், அனுப்பலாம் என்றேன். துடைத்து என் மேசையில் வைத்திருக்கிறேன்.

பதிலைக் கணினியில் அடிக்காதே. கையால் எழுது. கோணலாக வந்தாலும் சரி, இரண்டே வரியோடு நின்றாலும் சரி. இத்தனை வருஷமாக ஊர் டாக்டர்கள் கிறுக்கியதையெல்லாம் படித்துப் பிழைக்கிறவள் நான். என் தம்பி எழுதியதைப் படிக்கமாட்டேனா?

நன்றாக இரு.

உன் அக்கா