டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

கோலா சாவா,
3.11.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

இரவு இரண்டு மணிக்கு எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இவருக்கு செனாவாங் பேக்டரியில் இரவு ஷிப்ட். அப்பா விழித்திருக்கும்போது இதை எழுத முடியாது.

அப்பாவின் வயிற்றுவலிக்குப் போன மாதம் சிரம்பான் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண், அதோடு ஒரு கிருமி. ஸ்கேனில் கணையத்தில் ஒரு கட்டியும் தெரிந்தது. இன்னும் புற்றுநோய் இல்லையாம். விட்டுவைத்தால் ஆகிவிடும் என்று டாக்டர் பயப்படுகிறார். டிசம்பர் ஒன்பதாம் தேதி கோலாலம்பூரில் ஆபரேஷன்.

டாக்டர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அப்பாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். இந்தக் கிருமியால்தான் கட்டி வந்ததா என்று நடுவில் கேட்டேன். “இருக்கலாம். சிலர் சந்தேகப்படுகிறார்கள். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது” என்றார். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாத்துக்கும் கிருமிதாம்ப்பா காரணம். மாத்திரையில செத்துரும்” என்று சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு ஊசி போடும்போது வலிக்காதுடி என்கிறேனே, அப்படித்தான் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மெதுவாக மற்றதைச் சொல்லலாம் என்றிருந்தேன்.

மாத்திரை முடிந்தது, வலியும் போய்விட்டது. மறுபடி ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போகிறார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியிடம், “கிருமி செத்துப்போச்சுலா! காலேஜு படிச்ச மக இருந்தா சும்மாவா?” என்று சிரிக்கிறார். ஆபரேஷன் பேச்சை எடுத்தால், “செத்த பாம்ப எதுக்கும்மா அடிக்கிற?” என்கிறார்.

அங்கே தோட்டத்துக் கிளினிக்கில் இத்தனை வருஷமாக மருந்து கொடுப்பவர் நீங்கள். உங்கள் மேல் கோபம் இருந்தாலும், நோய் விஷயத்தில் நீங்கள் எழுதினால் கேட்பார். என் பொய் மட்டும் தெரியவேண்டாம்.

உங்கள் தங்கை,
நீலாவதி


லகாட் டத்து, சபா,
12.11.1997

அன்புத் தங்கை நீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு வரும் டாக்டரிடமும் கேட்டேன். கிருமிக்கும் அந்தக் கட்டிக்கும் தொடர்பு இருக்குமோ என்பது வெறும் சந்தேகம்தான். அப்படியே இருந்தாலும், கிருமி செத்ததால் கட்டி கரைந்துவிடாது. வலி போனது புண் ஆறியதால். கட்டி சத்தம் போடாமல் வளரும்.

நான் எழுதிப் பிரயோசனமில்லை. அம்மா சாவுக்கு ஒரு நாள் பிந்தி வந்தவன் நான். “அன்னைக்கு வராதவன் இனி வரவே வேணாம்” என்றார் அப்பா. உனக்குத் தெரியாது, மூன்று வருஷமாக அவருக்கு நான் எழுதும் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்புகிறார்.

நீ சொன்னதை நீதான் மாற்றிச் சொல்லவேண்டும். அழாதே. ஆனால் தள்ளிப் போடாதே.

அண்ணன்,
ராமகிருஷ்ணன்


கோலா சாவா,
23.11.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப டாக்டரு சொன்னது வேற, நீ சொன்னது வேறயா?”

“ஆமாப்பா.”

“இப்ப சொல்றது?”

“இது நிசம்.”

“அன்னைக்கும் இதே மூஞ்சியத்தான் வச்சிருந்த.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்த முறை அவரே அப்பாவுக்குப் புரியும் அளவு எளிய மலாயில் பேசினார், படம் வரைந்து காட்டினார். அப்பா தலையாட்டினார். பஸ் ஸ்டாப்பில் வந்து, “நீ முன்னாடியே அவருகிட்டச் சொல்லிவச்சிட்டியா?” என்கிறார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். இவர் சொல்லிப் பார்த்தார். “மாப்ள, அவ சொன்னதத்தான நீங்களும் சொல்வீங்க” என்று முடித்துவிட்டார்.

நான் தூங்கி நான்கு நாளாகிறது. பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதுகூட அந்தக் கட்டிதான் கண்ணில் நிற்கிறது. இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. அவர் பயப்படக்கூடாதென்று சொன்ன ஒரு வார்த்தையாலேயே அவரைக் கொன்றுவிடுவேன் போலிருக்கிறது.

இன்று காலையில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அவன வரச்சொல்லு.”

யாரை என்று கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார். “உங்கண்ணனத்தான். அவனே டாக்டருகிட்டக் கேட்டு எனக்குச் சொல்லட்டும். அவன எனக்குப் பிடிக்காது. ஆனா என்னயக் குளுர வைக்கிறதுக்குன்னு அவன் ஒரு வார்த்த பேசினதில்ல.”

டிக்கெட்டுக்கு இவர் ஏற்பாடு செய்கிறார். எந்த நாளில் லீவு கிடைக்கும் என்று மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், அண்ணா.

நீலா