நானும் சேர்ந்து எண்ணினேன்

ஜனவரி 29

காலையில் ஏரி முழுக்க ஆவி. பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். எதிர்க்கரை மலைகள் அடிவாரம் இல்லாமல் வெறும் உச்சிகளாக மிதந்தன. மணி அடித்த பிறகுதான் இது ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு, நான் அதன் வகுப்பாசிரியை என்பதெல்லாம் ஞாபகம் வந்தது.

“நீ பாதி நேரம் ஏரிக்குள்ளதான் இருக்கே, ஷைர்குல். சம்பளம் வாங்க மட்டும்தான் கரைக்கு வர்றே” என்பார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மார்ச்சில் வரும் நௌரூஸ் புத்தாண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு ஏழு தகப்பன்மாரை ஒப்பிக்க வேண்டுமாம். அப்பா, அவர் அப்பா, அவருக்கு அப்பா என்று ஏழு தலைமுறை. எல்லாரும் மனப்பாடம் செய்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 2

ஒப்பித்தார்கள். எவ்வளவு அழகு! குதிரையேறித் திரிந்து எப்போதோ செத்துப்போன மனிதர்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் வாயிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். வகுப்பறைக்குள் குதிரை வியர்வை வாசனைகூட அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

சய்கால் மட்டும் மூன்று பெயரோடு நின்றுவிட்டாள். “இது உங்க அம்மா வழிதானே, கண்ணு? நமக்கு அப்பா வழி வேணும்” என்றேன். “தெரியாது, எஜெகே” என்றாள், எல்லாப் பிள்ளைகளையும் போல என்னை அக்கா என்று அழைத்து. யாரோ சிரித்தார்கள். வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டேன். அவனுக்கு ஒன்பது பேர் தெரிந்திருந்தது!

பிப்ரவரி 9

பனி. பிள்ளைகள் புதிதாக ஒரு விளையாட்டு பிடித்திருக்கிறார்கள். நடைவழியில் ஒருவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்கிறார். உடனே எல்லாரும் கப்சிப். அந்த அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது, பனி விழுவதற்கு முன் வரும் அமைதி மாதிரி.

பிப்ரவரி 14

இன்று வகுப்பிலேயே அந்த விளையாட்டு. நான் ஜன்னலோரம் இருந்தேன். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று பின்னால் கேட்டது. திரும்பாமலே “நாலு!” என்று கத்தினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். இவர்களோடு இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 15

சய்கால் வரவில்லை. சளியாக இருக்கும்.

பிப்ரவரி 20

நாலு நாளாக அவள் இல்லை. கோட்டு மாட்டும் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸீனா என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உன் கிளாஸ் பொண்ணு எங்கே? அந்த ஒல்லியா இருப்பாளே.”

“காய்ச்சல்னு நினைக்கிறேன்.”

“காய்ச்சலா? நின்னு போறதுக்கு முன்னாடி பத்து நாளா ஒவ்வொரு இடைவேளைக்கும் இங்க வந்து கோட்டுங்களுக்கு நடுவுல நின்னுட்டிருந்தா. வெளியில வந்தா எண்ணுறாங்களாம். அவளுக்கு மூணு பேர்தானாம், நாலாவது ஆள் இல்லியாம். உனக்குத் தெரியாதா?”

தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன் – எழுதக் கை கூசுகிறது. நான்தானே “நாலு” என்று கத்தினேன்! அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் அப்போது? எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்? எவ்வளவு யோசித்தாலும் அவள் முகம் வரமாட்டேன் என்கிறது. ஏரிதான் வருகிறது. சீ.

மாலை வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு. செப்டம்பரில் அந்தக் கோட்டை இழுத்ததும் என் பேனாதான்.

பிப்ரவரி 21

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா ஏரிக்கரை ஆரோக்கிய விடுதியில் சலவைக்காரி. கை இரண்டும் வெந்து சிவந்திருந்தன. தேநீர் ஊற்றினாள், ரொட்டி வைத்தாள். எதிரி வந்தாலும் எங்கள் வழக்கப்படி வைப்பதுதான், அதில் நான் மகிழ ஒன்றுமில்லை.

“நான் மறைச்சதில்லை, டீச்சர். அவ பொறக்குறதுக்கு முன்னாடியே அப்பன் விட்டுட்டுப் போயிட்டான்னு அவகிட்ட சொல்லித்தான் வளர்த்தேன். என் அப்பா, தாத்தா, பூட்டன் பேரை நான்தான் சொல்லிக் குடுத்தேன். அந்த மூணு பேரும் ஆளில்லையா?”

சய்கால் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். மன்னித்துவிடு என்றேன். அவள் கோபப்படவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“நீங்க சொல்லி நிறுத்துவீங்கன்னு நினைச்சேன், எஜெகே. அப்புறம் நீங்களும் எண்ணினீங்க.”

மீதியை அம்மாதான் சொன்னாள். இனி பள்ளிக்கூடம் வேண்டாமாம். விடுதிச் சலவையில் அம்மாவோடு துணி மடிக்கப் போகிறாளாம். பதின்மூன்று வயது!

பிப்ரவரி 22

வகுப்பில் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசினேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். பிறகு யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். சய்காலோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெர்மெட் எழுந்தாள்.

“முதல்ல எண்ணினது நான், எஜெகே. எண்ணலைன்னா அவளுக்குச் சிநேகிதின்னு என்னையும் சேர்த்துடுவாங்கன்னு பயம்.”

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நாளை எல்லாரும் சய்கால் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நிற்போம், வழக்கப்படி ஏதாவது கொண்டுபோவோம் என்று உற்சாகமாகச் சொன்னேன். கண்முன்னே பெரிய காட்சியே ஓடியது – பனியில் இருபத்தாறு பேர் வரிசையாக.

“ஐயோ வேண்டாம், எஜெகே! அத்தனை பேரும் போய் நின்னா தெருவே வேடிக்கை பார்க்கும். செத்துருவா அவ” என்றாள் பெர்மெட்.

மறுபடியும் கனவு காணப் பார்த்தேன். அவள் நிறுத்தினாள்.

பிப்ரவரி 26

ஒப்பித்தல் கிடையாது என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன்.

“அட, என்ன தங்கச்சி? மாவட்டத்துலேர்ந்து விருந்தாளிங்க வர்றாங்க. பசங்க விளையாட்டுக்குப் பண்ணினதை நீ வேற ஊதி ஊதிப் பெருசாக்குறே. பெத்தவங்க கேட்டா? நம்ம வழக்கத்தையே குத்தம்னு சொல்றீங்களான்னு கேட்பாங்களே.”

“வழக்கத்தைச் சொல்லலை, அண்ணே. ஒரு புள்ளை கோட்டுங்களுக்கு நடுவுல ஒளிஞ்சு நின்னுச்சு. அது நம்ம பள்ளிக்கூடத்துல. என் வகுப்புல.”

வகுப்பாசிரியைப் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்றார். கொடுங்கள், ஒப்பித்தல் மட்டும் நடக்காது என்றேன். என் குரலா அது? வெளியே வந்து அடுத்த மணி அடிக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 27

இன்று முதல் இடைவேளைகளில் ஆசிரியர் அறையில் தேநீர் இல்லை. நடைவழியில் நிற்கிறேன். கால் வலிக்கிறது. எவ்வளவு நடக்கிறது இங்கே! தள்ளுவது, பிடுங்குவது, ஒரு பார்வையிலேயே ஒருத்தியை ஓரமாக ஒதுக்குவது. இத்தனை வருஷமும் இது என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது.

மார்ச் 3

கனவு. ஏரிக்கடியில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள், குமிழிகள் வருகின்றன. கோட்டுகள் தண்ணீரில் மெல்ல ஆடுகின்றன. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகிறேன், போகிறேன். உள்ளே யாரும் இல்லை. எழுந்து அழுதேன்.

மார்ச் 6

பெர்மெட் தினமும் பாடக் குறிப்புகளை எழுதிக்கொண்டு போய் சய்கால் வீட்டுக் கதவிடுக்கில் வைக்கிறாளாம். கதவு திறப்பதில்லையாம். “ஆனா மறுநாள் நோட்டு அங்க இருக்காது, எஜெகே” என்கிறாள்.

நானும் சய்காலின் அம்மாவிடம் இரண்டாம் முறை போய் வந்தேன். வா என்று கெஞ்சவில்லை. என்ன செய்திருக்கிறேன், இன்னும் என்ன செய்ய முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். அந்த ஒப்பித்தல் கைவிடப்பட்டதையும் சொன்னேன். சய்கால் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12

வந்துவிட்டாள்!

இரண்டு நிபந்தனைகள். பெர்மெட் பக்கத்தில் உட்கார மாட்டாள். நான் எல்லார் முன்னாலும் அவளைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரி என்றேன். பெர்மெட் அழுதாள். அழட்டும், அது அவள் பாடு. மன்னிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்.

மார்ச் 20

விழா முடிந்தது. எங்கள் வகுப்பு பாட்டு மட்டும் பாடியது. விருந்தாளிகள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒப்பித்தல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் வகுப்பை என்னிடமிருந்து எடுக்கவில்லை, ஆனால் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 5

வாதுமை மரங்கள் பூத்துவிட்டன. சய்கால் என்னைக் கடந்து போகும்போது தரையைத்தான் பார்க்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் இல்லை. எனக்கு வேண்டும்தான் இது.

ஏப்ரல் 17

மதியம் கால் வலி தாங்காமல் ஆசிரியர் அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். கதவை யாரோ தட்டினார்கள். சய்கால். மூச்சு வாங்கியது. கையில் ஒரு சின்னப் பையனைப் பிடித்திருந்தாள், முதலாம் வகுப்பு இருக்கும். அவன் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

“எஜெகே, எட்டாம் கிளாஸ் பசங்க இவன் செருப்பைத் தூக்கிப் போட்டு விளையாடுறாங்க. தினமும் பண்றாங்களாம். நீங்க வாங்க.”

அறையில் வேறு மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். அவள் என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.