பெட்டிக்குள் இறங்கிய அம்மா

மாஸ்டர்,

இன்று காலை நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் புது அலமாரிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாசனையில் உங்கள் வித்தைப் பெட்டி கண்முன் வந்து நின்றது. போன மாதம் நீங்கள் இறந்துபோனதை உங்கள் மனைவி போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. பெயிண்ட் வாசனைக்கு வந்துவிட்டது. "கண்ணு எரியுதாம்மா?" என்றார் முதலாளி. ஆமாம் என்றேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாள் உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் நோம்பி மேடையில் நீங்கள் பேசிய பேச்சு என் தங்கையின் உயிரையே வாங்கப் பார்த்தது.

அந்தச் சாயங்காலம் உங்கள் மனைவியைப் பெட்டியில் படுக்க வைத்து, ரம்பத்தால் அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளி வைத்தீர்கள். தலை ஒரு பக்கம் சிரித்தது. கால் ஒரு பக்கம் ஆடியது. பிறகு காளியைக் கூப்பிட்டு, "போன உசுரைத் திருப்பிக் கொடுக்கிற வரம் எனக்கு மட்டும்தான்!" என்று கத்தித் தண்ணீர் தெளித்தீர்கள். பார்க்கிறவர்கள் கண்ணைப் பெட்டியிலிருந்து இழுக்கத்தான் அந்தப் பேச்சு என்று பின்னால் சொன்னீர்கள். கீழே நாமக்கல் பக்கம் அதற்குக் கைதட்டிச் சிரிப்பார்களாம். எங்கள் மலையில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மலைக்காரர்களுக்கு விவரம் பத்தாது என்று இதைப் படிக்கிற யாரும் நினைக்க வேண்டாம். பதினோரு வயதுத் தங்கைக்குக் காய்ச்சல் கண்டு ஆறு நாள் ஆகியிருந்தது. அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு இரண்டு தடவை நடந்தோம். இரண்டு தடவையும் டாக்டர் இல்லை, மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். இருக்கிற ஆளைத்தானே நம்ப முடியும்? மேடையில் நீங்கள் இருந்தீர்கள்.

மறுநாள் காலை அம்மா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு, நீங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பின்னாலேயே நான். நீங்கள் வாயில் பல்பொடியோடு நின்றுகொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க சாமி, அறுத்துப் போட்டவளையே எழுப்புனீங்க. இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி தெளிச்சு வுடுங்க."

தங்கையின் நெற்றியைத் தொட்டதும் உங்கள் முகம் மாறியது. "இது என்னால ஆகாதுங்க அம்மணி. அது வெறும் வித்தை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

"மலைக்காரங்கன்னுதானுங்களே மாட்டேங்கறீங்க? ஒரு குடம் தேன் கொண்டாந்து தாரேன்."

நீங்கள் மறுக்க மறுக்க அம்மாவுக்கு நம்பிக்கை கூடியது. பெரிய சாமி லேசில் இறங்காது என்பது அவள் எண்ணம். உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தங்கைக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. எனக்கோ உங்கள் இருவரையும் அடிக்கலாம் போல இருந்தது.

நீங்கள் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பெட்டியை முற்றத்துக்கு இழுத்து வந்தீர்கள். உங்கள் மனைவி பதறினார்.

"ஏங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா? இன்னும் ரெண்டு நாள் ஆட்டம் இருக்குது. தொழிலைத் தெறந்து காட்டுவாங்களா யாராச்சும்?"

"நீ கம்முனு இரு. உன் தங்கச்சிய அந்தப் பக்கம் ஏறச் சொல்லு. அம்மணி, நீங்க இந்தப் பக்கம் எறங்குங்க."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவள்போல இறங்கினாள்.

"காலை மடக்குங்க. இன்னும். முட்டி நெஞ்சுல இடிக்கோணும்."

மூடியைச் சாத்தினீர்கள். இந்த முனையில் அம்மாவின் தலை, அந்த முனையில் உங்கள் கொழுந்தியாளின் இரண்டு பாதங்கள். நடுவில் இருந்த வெற்றிடத்தில் ரம்பத்தை ஓட்டினீர்கள். பிறகு மூடியைத் திறந்து, அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, "பாத்துக்குங்க" என்றீர்கள்.

அம்மா அந்தக் கால்களைப் பார்த்தாள். மடங்கிக் கிடந்த தன் காலைப் பார்த்தாள்.

"அடி ஆத்தாடி! மூஞ்சி ஒரு நெறம், காலு ஒரு நெறமா இருக்குதேன்னு நேத்தே நெனச்சேன்."

வேலியோரம் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. வெளியே இறங்கி உங்கள் முன்னால் நின்றாள். "ஏன்டா, இதுக்காடா நான் கன்னத்துல போட்டேன்?"

சாமி என்று கூப்பிட்ட வாயால் டா போட்டாள். நீங்கள் தலையைக் குனிந்து, "ஆமாங்க அம்மணி" என்றீர்கள்.

வழி காட்டியதோடு நீங்கள் நின்றிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினீர்கள். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் தங்கையின் தலை உங்கள் மடியில் இருந்தது. அவள் எடுத்த வாந்தியெல்லாம் உங்கள் துண்டில்.

டைபாய்டு முற்றிவிட்டது என்றார் கீழே ஆஸ்பத்திரி டாக்டர். அம்மா நடந்ததைச் சொன்னதும், "மந்திரவாதிகிட்டத்தான் மொதல்ல போவீங்களா? உங்களுக்கெல்லாம் எப்பதான் புத்தி வரும்?" என்று அம்மாவைத் திட்டித் தீர்த்தார். எங்கள் சுகாதார நிலையத்தில் டாக்டர் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முன்னால் போனீர்கள்.

"அவங்களைத் திட்டாதீங்க சார். அந்த மந்திரவாதி நான்தானுங்க. நம்ப வெச்சது என் தப்பு."

கை வித்தையைச் சுத்தமாகச் செய்கிறவனுக்கு வாயும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அன்று வராந்தாவில் உட்கார்ந்து சொன்னீர்கள். அதற்குப் பிறகு மேடையில் நீங்கள் காளியைக் கூப்பிட்டதே இல்லை என்று உங்கள் மனைவி போனில் சொன்னார். வித்தை தெரிந்துபோன பிறகு எங்கள் நோம்பிக்கும் உங்களை யாரும் கூப்பிடவில்லை.

பத்து நாளில் தங்கை எழுந்து உட்கார்ந்தாள். இப்போது சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. தீர்ந்துவிட்டது, மாஸ்டர்.

ரோடு போடுகிறேன், டாக்டரைக் கொண்டுவருகிறேன் என்று மேடை ஏறியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். "என்னால ஆகாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பி வந்தது நீங்கள் ஒருவர்தான். என்னிடம் ஒட்டிக்கொண்டது அதுதான். போன வாரம் பக்கத்து ஊட்டுப் பெரியப்பா பட்டா விவகாரத்தோடு வந்தார். "எனக்கு இதுல ஒண்ணுந் தெரியாதுங்க பெரியப்பா. வாங்க, தாலுகா ஆபீசுக்குக் கூட வாரேன்" என்றேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அவர் நன்றாகத் தூங்கினார்.