தனித்தட்டு

ஜனவரி 20, 2025
பூசணியில் ஆண் பூவாகவே பூக்கிறது. பெண் பூ நாலுதான். எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. அஞ்செட்டியிலிருந்து திம்மராயண்ணன் போன் பண்ணினார். "மங்கா, மாசி கடைசியில நிச்சயம் வெச்சிக்கலாம். எங்க ஹரீஷுக்கு உங்க பிரவீனாதான்."
சரிண்ணா என்றேன். பிரவீனாவுக்கு இருபது வயசு. இன்னும் வயதுக்கு வரவில்லை. எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

ஜனவரி 21
ஆறு வருசத்துக்கு முன் பக்கத்து வீட்டு வெங்கடம்மா தினமும் கேட்பாள்: "உம் பொண்ணு இன்னும் உக்காரலையா?" சொல்லி மாளாமல் ஒருநாள், உட்கார்ந்துவிட்டாள் என்றேன். தாய்மாமன் என்று அண்ணனே காட்டுத் தழை வெட்டி வந்து குடிசை கட்டினார். சீர், சாப்பாடு, மேளம். அன்றிலிருந்து மாசம் மூணு நாள் பிரவீனாவுக்கு வாசலில் தனிப்பாய், தனித்தட்டு. ஊர் பார்க்க. பிள்ளையும் சொன்னபடி உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 4
அவளே கம்பெனியில் லீவு போட்டு என்னை பெங்களூருக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேனில் கர்ப்பப்பை இல்லை. ரத்தம் எடுத்தார்கள்.

பிப்ரவரி 27
டாக்டரம்மா பாதி கன்னடம், பாதி தமிழ். காகிதத்தில் இரண்டு எழுத்துப் போட்டுக் காட்டினார். "அம்மாகிட்டேருந்து எப்பவும் எக்ஸ்தான் வரும். அப்பாகிட்டேருந்து எக்ஸ் வந்தா பொண்ணு, ஒய் வந்தா பையன். இவளுக்கு ஒய் வந்திருக்கு. ஆனா அதால சுரக்கிற ஹார்மோன் பேச்சை இவ உடம்பு கேக்கல. அதனால பொண்ணாவே வளந்துட்டா."
"அப்ப எம்பொண்ணு ஆம்பளையா?"
டாக்டர் பதில் சொல்வதற்குள் பிரவீனா சொன்னாள்: "நான் பொண்ணுதாம்மா." டாக்டரம்மாவும் தலையாட்டினார். பிள்ளை பெற முடியாதாம். உள்ளே இருக்கும் சுரப்பியைக் கண்காணிக்க வேண்டுமாம். யார் குத்தமும் இல்லையாம். "சின்ன வயசுலயே வந்திருக்கலாமே?" என்று கேட்டார்.
அப்போதுதானே குடிசை கட்டிக்கொண்டிருந்தேன் —

மார்ச் 2
பிரவீனா சொல்லிவிட்டாள்: "பொய் சொன்னது நீ. நீயே போய்ச் சொல்லு. மாமா முன்னாடி இன்னொரு தடவ பொம்மையாட்டம் உக்கார மாட்டேன்."

மார்ச் 3
போகவில்லை.

மார்ச் 9
அஞ்செட்டி போனேன். பஸ் தவறி, தேன்கனிக்கோட்டையில் ரெண்டு மணி நேரம். கடலைக்காரி யாரென்றே தெரியாத என்னிடம் மருமகள் சண்டை முழுக்கச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த பஸ் வராமலே போகட்டும் என்றிருந்தது.
எல்லாம் சொன்னேன். அண்ணி, "ஊரையே ஏச்சிட்டீங்களே" என்று உள்ளே போய்விட்டாள். அண்ணன் இடது கையைக் காட்டினார். "அன்னிக்குத் தழை வெட்டறப்ப அருவா பட்டது. இந்தத் தழும்பு மட்டுந்தான் நெசம், மங்கா." பஸ் ஏற்றிவிட வரவில்லை. எப்போதும் வருவார்.

மே 18
இன்று ஹரீஷுக்குக் கல்யாணம். பத்திரிகை வரவில்லை.
வெங்கடம்மா வேலியோரம் வந்தாள். "என்னடி, ரெண்டு மாசமா உம் பொண்ணு வெளிய உக்காரவே இல்ல?"
"இனிமே உக்கார மாட்டா."
வாசல் மூலையில் கிடந்த தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். மற்ற தட்டுகளோடு அடுக்கினேன். ஷிஃப்ட் முடிந்து வந்தவள் அதையே எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டாம் தரம் சோறு கேட்டாள்.