ஆறு மில்லிமீட்டர் மழை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாள் தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று, உறையைப் பார்த்ததுமே நீ பயந்திருப்பாய். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஆனால் உன்னிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டில் இருப்பதோ ஒரே போன். அது உன் அப்பாவின் சட்டைப்பையை விட்டு இறங்காது. நான் பேசினால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார், செய்தி அனுப்பினால் எனக்கு முன்னால் அவர் படிக்கிறார். அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். தையல் மெஷின் பலகையிலேயே தாளை வைத்து எழுதுகிறேன்.

இங்கே பனிக்காலம் முடியப்போகிறது, ஒரு பொட்டு மழை இல்லை. காலையில் புல்லில் இருக்கிற ஈரம்கூட இந்த வருஷம் இல்லை. துணி காயப்போட்டால் திரும்பிப் பார்ப்பதற்குள் அட்டை மாதிரி விறைத்துப்போகிறது. காற்றின் வறட்சியில் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. தெருவுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் புல் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்து நிற்கிறது, யாராவது பீடியை வீசினால் போதும்.

மழை இல்லையென்றால், போனில் மழை அளவு போட்டுக்கொள்கிற உன் அப்பாவின் மழைக் கூட்டத்துக்குப் பேச்சு ஓயாது. பெய்தால் ஆளுக்கொரு அளவைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். பெய்யாவிட்டால்தான் போன் நாள் முழுக்கக் கத்தும். மருந்துக்கடைக்காரர் வானத்திலிருந்து எடுத்த படங்களைப் போட்டு, கிழக்கே ஏதோ திரள்கிறது என்பார். மேல்தெரு பஸ் டிரைவர், அந்தப் பக்கம் இப்போதுதான் வண்டி ஓட்டிவிட்டு வந்தேன், வெறும் பஞ்சு என்பார். டீச்சருக்கு எறும்பு வரிசையாகப் போனாலே மழைதான். உன் அப்பா மட்டும், வருமா வராதா என்று சொல்வது ஜோசியக்காரன் வேலை, வந்தது எவ்வளவு என்று சொல்வதுதான் நம் வேலை என்று அத்தனை பேரையும் அடக்குவார். அத்தனை பேரும் அடங்குவார்கள். லேத் பட்டறையில் ஆயுள் முழுக்க ஒரு நூல் பிசகாமல் கடைந்த மனிதர் என்ற மரியாதை.

அவர் ஓய்வு பெற்றபோது நீ வாங்கி அனுப்பிய மழைமானிக்கு நான் சக்களத்தி என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். அவள் இன்னும் மொட்டைமாடியில் ராணியாகத்தான் இருக்கிறாள். காகம் புனலைத் தட்டிவிடுகிறது என்று, பழைய பட்டறைக்குப் போய்த் தன் கையால் ஒரு பித்தளை வளையம் கடைந்து வந்து அவளுக்குப் பூட்டியிருக்கிறார். எனக்கு ஒரு மோதிரம் செய்து போட்டதில்லை, அவளுக்கு வளையம் கேட்கிறதா என்று நான்கூடக் கேட்டேன். தெருவே சிரித்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழை இல்லாத நாட்களில் புனலில் தூசி படியும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை புனலைக் கழற்றித் தேய்த்து, திரும்பப் பூட்டிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். கழுவிய தண்ணீர் கீழே குடுவையில் இறங்கும். அதை உடனே எடுத்துக் கொட்டிவிட வேண்டும். நேற்று மாலை துணி எடுக்க மாடிக்குப் போனேன். அவர் கழுவிக்கொண்டிருந்தார். போன் அடித்தது, பேசிக்கொண்டே கீழே இறங்கிவிட்டார். ஒரு படுக்கை விரிப்பை நான் கொடியிலேயே மறந்து விட்டுவிட்டேன்.

இன்று காலை எட்டரைக்கு வழக்கம்போல அளவு பார்க்க ஏறியவர், படியில் இறங்கும்போதே என்னைக் கூப்பிட்டார். ஆறு மில்லிமீட்டர், நாம தூங்கும்போது பெஞ்சிருக்கு என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அதற்குள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். நீயும் அங்கிருந்து பார்த்துவிட்டு, கைதட்டுகிற பொம்மையெல்லாம் போட்டிருந்தாய். நான் மாடிக்கு ஓடினேன். படுக்கை விரிப்பு மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

வேடிக்கையைக் கேள். டீச்சர், விடியற்காலையில் தூறல் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது என்று எழுதினார். மருந்துக்கடைக்காரருக்குக் கடை திறக்கும்போது மண்வாசனை வந்ததாம். டிரைவர் ஒருவர்தான், இங்கே மேலே பூஜ்யம், ஒரு சொட்டு இல்லை என்று போட்டார். உடனே உன் அப்பா, நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறியா என்று கேட்டு எழுதிவிட்டார். சொந்தத் தம்பி மாதிரி வீட்டுக்குள் வந்து போகிற பிள்ளையிடம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. பிறகு எழுதுகிறேன்.

வியாழன் மதியம்.

பாதியில் நிறுத்தியதைப் பாபின் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு நாளில் விஷயம் கை மீறிவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் கோடைக்கு முன்னால் சரிவின் அடிவாரப் புல்லைத் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் பட்டையாக எரித்துவிடுவார்கள். கோடையில் மேலே தீப்பிடித்தாலும் தெருவுக்குள் இறங்காமல் இருக்க. ஆனால் மண்ணில் ஈரம் இருந்தால்தான் எரிப்பார்கள். காய்ந்த தரையில் வைத்தால் தீ யார் பேச்சையும் கேட்காமல் மேலே ஏறும். மேலே இருப்பது டிரைவரின் வீடு. அந்தப் பிள்ளையின் மனைவி பிரசவமாகி வந்து இன்னும் எழுந்து நடமாடவில்லை. இந்த வருஷம் ஈரத்துக்காகக் காத்துக் காத்து நாள் தள்ளிப்போனதில் நிலைய அதிகாரிக்கு மேலிடத்து நெருக்கடி. நிலையத்தில் மழைமானி கிடையாது. மருந்துக்கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். அவர் உன் அப்பாவின் ஆறு மில்லிமீட்டரைச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை எரிக்கிறார்கள். அப்பாவையும் வரச்சொல்லி அழைப்பு. அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது.

சொல்லிவிடலாம் என்று நேற்று மாலையே வாயைத் திறந்தேன். அவர் மனம் நோகாமல்தான் கேட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கழுவினீங்களே, அந்தத் தண்ணியக் கொட்டினீங்களா என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, நான் எப்ப கழுவினேன் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். கோபமில்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் கேட்கிற மாதிரி கேட்டார். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போன மாதம் என் மெஷினுக்குக் காலையில் எண்ணெய் விட்டவர் மதியமும் விட்டார். வாடிக்கைக்காரியின் துணி பாழாகி, நான் கண்டபடி திட்டினேன். கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டினேன். இன்று அதை நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சொன்னால் நாலு பேர் முன்னால் அவர் தலை குனிய வேண்டும். குனிவதோடு போகாது. பெரியவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நாளையே தெரு முழுக்கப் பரவும். சொல்லாவிட்டால் மேலே ஒரு பச்சைக் குழந்தை இருக்கிறது. இருதலைக் கொள்ளி எறும்பாகத் துடித்துக்கொண்டு, ஒரே கால்சட்டைக்கு மூன்று தடவை தையல் பிரித்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன்.

ஞாயிறு.

பயப்படாதே, தீ வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினேன். உனக்கு அங்கே என்ன வேலை என்றார். மழை பெய்ய வைத்த மகானைப் பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா என்றேன். சிரித்தார். அடிவாரத்தில் தண்ணீர் லாரி நின்றது. ஆட்கள் கம்பின் நுனியில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. அதிகாரி, உங்க கணக்கை நம்பித்தான் இறங்குறோம் ஐயா என்றார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, என் அளவு தப்பாது என்றார். ஒரு ஆள் தீப்பெட்டியை எடுத்தான். காற்று மேல்நோக்கி அடித்தது, என் முந்தானையே மேலே பறந்தது.

நான் குறுக்கே போய் நின்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அது மழை இல்லங்க, நான்தான் தூசியா இருக்கேன்னு கழுவினேன், கழுவின தண்ணியக் கொட்ட மறந்துட்டேன், திட்டுவாருன்னு பயந்து இத்தனை நாள் சொல்லல என்றேன்.

அதிகாரி வாய்க்கு வந்தபடி பேசினார். வீட்டில் இருக்கிறவர்கள் கை வைக்கிற இடத்திலா அரசாங்க வேலைக்கு அளவு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர், யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொன்னார். என்னைத்தான் யானை என்கிறார் போலிருக்கிறது, போகட்டும். டிரைவர் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணி என்றார்.

உன் அப்பா வீடு வரை எனக்கு முன்னால் நடந்தார். என் சாமானைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் என்று ஒரே ஒரு வார்த்தை. நம்பிவிட்டார் என்று எனக்கு நிம்மதி. ஒரு பக்கம் வலிக்கவும் செய்தது. கட்டிக்கொண்ட நாள் முதல் அவர் பொருளில் நான் கை வைத்ததில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்று.

நேற்றுக் காலை எட்டரைக்கு அவர் மாடிக்குக் கிளம்பவில்லை. போனை என் கையில் கொடுத்து, கண்ணாடி சரியில்ல, நீ போய்ப் பார்த்துச் சொல்லு என்றார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஏறினேன். புனலைத் திருகினேன், அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் திருகினேன், இன்னும் இறுகியது. பித்தளை விளிம்பு விரலில் பதிந்ததுதான் மிச்சம். திரும்பிப் பார்த்தால் அவர் மாடிப்படி வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

அந்த வளையத்தை அவர் எதிர் மரையில் கடைந்திருக்கிறார். எல்லா மூடியும் திறக்கிற பக்கம் திருகினால் அது பூட்டிக்கொள்ளும். அது தெரியாத ஒருத்தி அதைத் திறந்து கழுவியிருக்கவே முடியாது.

அவர் பக்கத்தில் வந்து, என் கையின் மேல் தன் கையை வைத்து, மறு பக்கம் திருப்பினார். புனல் வந்துவிட்டது. குடுவையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். காய்ந்து கிடந்தது. பூஜ்யம், போட்டுடு என்றார். நான் போட்டேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இது எப்பலேர்ந்து என்று கேட்டார். எனக்குத் தெரியல என்றேன். அதுதான் நிஜம். நீ அழாதே என்றார். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாலையில் அவரே டிரைவர் வீட்டுக்கு ஏறிப்போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்று காலை அளவு பார்க்க டிரைவரும் வந்தார். வழியில் அப்படியே எட்டிப் பார்த்தேன் அண்ணே என்றார். மேல்தெருவிலிருந்து பஸ் டிப்போவுக்குப் போகிற வழியில் நம் வீடு எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அவர் கட்டளை. பிள்ளை அங்கே வேலையைப் பார்க்கட்டும், மழை வந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்றேன், அப்ப வரட்டும் என்கிறார். நீ இந்தக் கடிதம் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நரம்பு டாக்டரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறேன், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உனக்கு அங்கே எந்த வேளையாக இருந்தாலும், இங்கே எட்டரை ஆகும்போது தினமும் அப்பாவைக் கூப்பிடு. அவர் மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் உனக்குச் சொல்லச் சொல்லு. சின்னப் பிள்ளையில் கேட்ட மாதிரியே, வானம் எப்படி இருக்கு, மேகம் என்ன நிறம், நேத்து கழுவினீங்களா, கொட்டினீங்களா என்று ஒவ்வொன்றாகத் தொணதொணவென்று கேள். நீ கேட்டால் அவருக்குச் சோதனையாகத் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு. உன் கூடத் தங்கியிருக்கும் பெண்ணைக் கேட்டதாகச் சொல். எங்கிருந்தாலும் நீ நன்றாக இரு, உன் மனம் குளிர்ந்திருக்கட்டும்.

லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். இந்த வருஷம் மழை எப்போது வருமோ, மருந்துக்கடைக்காரருக்கே தெரியவில்லை. நீ மழைக்காகக் காத்திருக்காதே, கண்ணே. அது எவ்வளவு பெய்தது என்று அப்பா உனக்குச் சரியாகச் சொல்லக்கூடிய நாளிலேயே வந்துவிடு.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா